முத்திரை பார்க்காத அரிப்பு

2019-இல் இந்தியத் தரக் குழுமம் டெல்லி வட்டாரக் கடைகளில் 121 பொம்மைகளை வாங்கிச் சோதித்தபோது, மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை விற்கக் கூடாது என்ற ஆணை நடைமுறைக்கு வந்தது. மிகத் தேவையான ஆணை அது. சேரப்பணஞ்சேரியிலோ ஒரகடத்திலோ ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்புகிறவர் பிள்ளைக்குப் பொம்மை வாங்கும்போது அந்த முத்திரையைத் தேடிப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் தோல் ஒவ்வாமையைப் பொறுத்தவரை அது அரைக் காவல்தான். நம் தர விதி, பொம்மையிலிருந்து கசியும் எட்டுத் தனிமங்களைக் கணக்கெடுக்கிறது: ஆண்டிமனி, ஆர்சனிக், பேரியம், காட்மியம், குரோமியம், ஈயம், பாதரசம், செலினியம். பொம்மையின் துணுக்கை இரைப்பை அமிலம் போன்ற நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து அளக்கிறார்கள். குழந்தை விழுங்கினால் என்ன ஆகும் என்பதே அங்கே கேள்வி. உலகெங்கும் தொடு ஒவ்வாமைக்கு முதல் காரணமாகச் சொல்லப்படும் நிக்கல் இந்த எட்டில் இல்லை.

நஞ்சும் ஒவ்வாமையும் வேறு வேறு கணக்கு. நஞ்சு அளவைப் பொறுத்தது. ஒவ்வாமையில் முதல் தொடுதல்களின்போது வெளியே எதுவும் தெரியாது, உடலின் எதிர்ப்பணுக்கள் மட்டும் அந்தப் பொருளை நினைவில் வைத்துக்கொள்கின்றன. அதன்பின் சிறிதளவு பட்டாலும் போதும், ஓரிரு நாள் கழித்துத் தோல் சிவந்து, தடித்து, நீர் கோத்து அரிக்கும். இந்தத் தாமதத்தால்தான் பழி வேர்க்குருவின் மீதோ, முந்தாநாள் சாப்பிட்ட கத்திரிக்காய், கருவாட்டின் மீதோ விழுகிறது. வியர்வையிலுள்ள உப்பு நிக்கலைக் கரைத்தெடுக்கும். முலாம் தேய்ந்த விளையாட்டு வளையல் நம் ஊர் வெயிலில் மணிக்கட்டோடு ஒட்டிக் கிடக்கும்போது நடப்பது அதுதான். ஸ்லைம் எனும் வழவழப்பான விளையாட்டுக் களியில் வேறு ஆபத்து: அது கெடாமலிருக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன் போன்ற பொருட்கள் கைத்தோலை வெடிக்க வைத்த நிகழ்வுகளைத் தோல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 19 தனிமங்களுக்கு வரம்பு வைத்தது, நிக்கலும் அதில் உண்டு. ஒவ்வாமை தரும் 55 வாசனைப் பொருட்களுக்கும் தடை போட்டது.

நிக்கல் ஒவ்வாமை பெரும்பாலும் கம்மலால் வருகிறது, பொம்மையைக் குறை சொல்வானேன் என்று கேட்கலாம். பெரும்பங்கு நகையிலிருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் சிறுமிகளுக்கான விளையாட்டு நகைப் பெட்டியில் பொம்மையும் கம்மலும் ஒன்றுதானே? 1990-களின் தொடக்கத்தில் டென்மார்க் நிக்கலுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் காது குத்திக்கொண்ட சிறுமிகளிடம் இந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. சட்டத்தால் தடுக்கக்கூடிய நோய் இது. சிறு உற்பத்தியாளர்கள் இன்னொரு சோதனைச் செலவைத் தாங்க மாட்டார்கள் என்பது கம்மல் வாதத்தைவிட நியாயமான ஆட்சேபம். அதனால் முதலில் நிக்கலை மட்டும், தோலோடு ஒட்டிக் கிடக்கும் உலோகப் பொம்மைகளுக்கு மட்டும் சேர்க்கலாம். கெடாப்பொருளையும் வாசனைப் பொருளையும் டப்பாவில் அச்சிடச் சொல்வதற்குப் பெரிய செலவில்லை. ஏற்றுமதியாகும் பாகங்களில் என்ன ரசாயனம் எவ்வளவு என்று பட்டியல் கொடுப்பது ஒரகடம் வட்டார வாகனத் தொழிலுக்குப் பழகிப்போன வேலை. கடல் கடந்து போகும் உதிரிபாகத்துக்குக் காட்டும் அக்கறை நம் பிள்ளையின் கைக்குப் போகும் ஸ்லைமுக்கும் கிடைக்க வேண்டும். அதுவரை, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் தடிப்புக்குக் களிம்பு மட்டும் வாங்காமல், அந்த இடத்தில் படும் பொம்மையையும் அதன் அட்டையையும் தோல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். முதுகில் இரண்டு நாள் ஒட்டிவைத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில் எதை ஒட்ட வேண்டும் என்பதை அந்த அட்டையை வைத்து அவர் முடிவு செய்வார்.