பரணில் கிடந்த இரும்பு

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள் பார்ப்போம். ஒரு முனையில் கத்தி. மறு முனையில் முள். நடுவே மாட்டுக் கொம்பினால் ஆன பிடி. இரண்டு முனைகளையும் மடக்கிப் பிடிக்குள் அடக்கிவிடலாம். மடக்கினால் ஒரு சாணுக்குள்தான் இருக்கும். அது என்ன?

தெரியவில்லையா? கவலைப்படாதீர்கள். என் நண்பர் வீட்டில் எட்டுப் பேர் கூடி யோசித்தும் தெரியவில்லை!

கிராமத்திலுள்ள பழைய வீட்டை இடித்துக் கட்டுவதற்காக நண்பர் பரணைக் காலி செய்துகொண்டிருந்தார். நானும் போயிருந்தேன். உடைந்த மரக்கால், ஈயம் போன பித்தளைப் பாத்திரம் இவற்றோடு ஒரு தகரப் பெட்டியிலிருந்து இந்தச் சாமானும் வெளிப்பட்டது. வாசலில் பழைய இரும்பு வாங்குகிறவர் தராசும் கையுமாகக் காத்திருந்தார்.

"கோணி தைக்கிற ஊசி" என்றார் நண்பரின் மைத்துனர். ஊசி என்றால் காது எங்கே? காதைக் காணோம்!

"காலில் தைத்த முள்ளை எடுப்பதற்கு" என்றாள் நண்பரின் மகள். அவ்வளவு தடித்த இரும்பால் முள்ளை எடுத்தால் முள் வந்துவிடும், கால்தான் மிஞ்சாது!

"செருப்புக்குத் துளை போட" என்றார் இன்னொருவர். தோலைத் துளைக்க நல்ல கூர் வேண்டாமா? இதன் முனையோ சற்றே மழுங்கியிருந்தது.

அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டு நாட்டு வைத்தியர் வந்து சேர்ந்தார். எண்பது வயதுக்கு மேலிருக்கும். சாமானை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் தம் வீட்டுக்குப் போய், வைத்திய ஏட்டுக் கட்டிலிருந்து எழுதாத பனை ஓலை ஒன்றை எடுத்து வந்தார்.

"எழுதுங்க, தம்பி" என்று நண்பரிடம் நீட்டினார்.

நண்பர் பேனாவைப் பிடிப்பது போல் பிடித்து இழுத்தார். ஓலை ஓரத்தில் கிழிந்தது!

பெரியவர் சிரித்துக்கொண்டே அதை வாங்கினார். ஓலையை இடது கையில் ஏந்தி, இடது கட்டைவிரல் நகத்தில் முள்ளைச் சாய்த்து நிறுத்தினார். பேனாவால் எழுதினால் கை நகரும். இங்கேயோ கை நின்ற இடத்தில் நிற்க, ஓலை நகர்ந்தது! அந்த நாளில் நகத்தை வளர்த்து, முள் பொருந்துவதற்கென்றே அதில் பிறை போல ஒரு பள்ளமும் வெட்டிக்கொள்வார்களாம்.

எழுதி முடித்ததும் பார்த்தோம். ஓலையில் வெறும் கீறல்தான். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துணியால் துடைத்தார் பெரியவர். ஆகா! கீறலில் கரி தங்கி, நண்பருடைய பாட்டனாரின் பெயர் பளிச்சென்று தெரிந்தது.

ஆம், அது மடக்கெழுத்தாணி! முள் எழுதுவதற்கு; கத்தி ஓலையை வாரி ஓரம் நறுக்குவதற்கு. கொண்டை கனத்த குண்டெழுத்தாணி, உறையில் செருகி வைக்கும் வாரெழுத்தாணி என்று இதற்கு உறவினர்களும் உண்டு.

பேனா வருவதற்கு முன் தமிழைச் சுமந்து வந்தது இந்த இரும்புதான். ஓலைக்கு ஆயுள் சில நூறு ஆண்டுகளே. செல்லரிக்குமுன் யாராவது ஒருவர் உட்கார்ந்து புதிய ஓலையில் பெயர்த்து எழுதினால்தான் நூல் பிழைக்கும். எழுதுவதும் எளிதல்ல. புள்ளி குத்தினால் ஓலை பொத்துப் போகுமென்று பெரும்பாலும் புள்ளியே வைக்கமாட்டார்கள். காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். படிப்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்துதான் டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் அச்சேற்றினார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகளை அவர் தேடிப் போனபோது, அவை ஓமத் தீயில் இடப்பட்டுவிட்டன என்ற பதில்தான் கிடைத்தது.

இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நண்பர் உள்ளே ஓடினார்.

"அம்மா! தாத்தா எழுதின ஓலைக் கட்டு ஏதாவது இருந்ததா?"

"இருந்ததுடா, இரண்டு கட்டு. யாருக்குப் படிக்கத் தெரியும்? பூச்சி வேறு. உங்கப்பா போன மறு வருஷம் போகியில் போட்டு எரித்துவிட்டோம்."

நண்பர் பேசவில்லை. பாட்டனார் என்ன எழுதினார்? வைத்தியமா, நிலக் கணக்கா, பாட்டா? இனி யாரும் சொல்ல முடியாது. எழுதிய இரும்பு இருக்கிறது, எழுத்து போய்விட்டது.

உங்கள் வீட்டிலும் பரண் இருக்கிறதல்லவா? அடுத்த போகிக்குமுன் ஒரு முறை ஏறிப் பாருங்கள். ஏடு கிடைத்தால், படிக்கத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் உ. வே. சா. நூலகமும், தஞ்சையில் சரசுவதி மகாலும் இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே உண்டு.

இரும்புக்காரர் அன்று மரக்காலின் பூணை மட்டும் நிறுத்து வாங்கிக்கொண்டு போனார். எழுத்தாணி இப்போது நண்பர் வீட்டுப் பூஜை அறையில் இருக்கிறது. பக்கத்திலேயே, பாட்டனார் பெயர் எழுதிய அந்த ஒற்றை ஓலையும்.