முத்திரையைப் பார்த்தீர்களா?

ரயில்வே குமாஸ்தாவாகிய எமக்கு மாற்றல் உத்தரவு புதிதன்று; இம்முறை மாநிலமே மாறிற்று. உடன் வந்த தம்பி, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் தொழிலை ஈராண்டு பயின்றவன். இங்கே ஒரு தொழிற்சாலையில் அவன் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டனர்; அது மாநிலக் குழுவின் சான்றிதழாம். கைவேலையைச் சோதிக்கவே இல்லை!

இப்பயிற்சித் திட்டத்தை மத்திய சர்க்கார் 1950இல் தொடங்கியது. 1956இல் நிலையங்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் விடப்பட்டது. தேசியத் தொழிற்சான்றிதழ் பாரதமெங்கும் செல்லும். மாநிலச் சான்றிதழ் எல்லாவிடத்தும் செல்வதில்லை. ஒரே நிலையத்தில் ஒரு தொழிற்பிரிவுக்குத் தேசிய அங்கீகாரம் இருக்கும், அடுத்ததற்கு இராது. தம்பியைச் சேர்க்கும்போது விடுதிச் சாப்பாட்டை விசாரித்தோம், இதை விசாரிக்கவில்லை. அன்பர்கள் பணம் கட்டுமுன், பிரிவின் பெயரைச் சொல்லியே கேட்டறிக.