ஜேன் ஆஸ்டின் பட்டியல் போட்ட ஏழு திகில் நாவல்கள்... நிஜமா, கற்பனையா?

இங்கிலாந்தின் பாத் நகரம். ஊர் சுற்ற வந்த இடத்தில் தோழிகளாகிவிட்ட இரண்டு இளம்பெண்கள் கதைப் புத்தகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காதரினுக்கு வயது 17. அப்போது எல்லோரும் விழுந்து விழுந்து படித்த 'உடால்ஃபோவின் மர்மங்கள்' நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அதை முடித்ததும் அடுத்து என்ன படிப்பது? இசபெல்லா தன் குறிப்பு நோட்டை எடுத்து ஏழு தலைப்புகளை மளமளவென்று வாசிக்கிறாள்.

'வுல்ஃபென்பாக் கோட்டை', 'க்ளெர்மாண்ட்', 'மர்ம எச்சரிக்கைகள்', 'கருங்காட்டு மாந்திரீகன்', 'நள்ளிரவு மணி', 'ரைன் நதியின் அநாதை', 'கொடூர மர்மங்கள்'.

காதரினுக்கு ஒரே கவலைதான். எல்லாமே நன்றாகப் பயமுறுத்துமா?

ஜேன் ஆஸ்டின் எழுதிய 'நார்த்தாங்கர் அபி' நாவலில் வரும் காட்சி இது. திகில் கதைகளைப் படித்துப் படித்து, தங்கப்போகும் வீட்டிலும் மர்மம் தேட ஆரம்பித்துவிடும் ஒரு பெண்ணைச் செல்லமாகக் கேலி செய்யும் கதை. அதனால் அந்த ஏழு தலைப்புகளும் ஆஸ்டினின் குறும்புதான், அப்படிப் புத்தகங்களே கிடையாது என்று பலரும் நம்பிவிட்டார்கள். தலைப்புகளைப் பார்த்தால் நமக்கும் அப்படித்தானே தோன்றுகிறது!

காணாமல் போன புத்தகங்கள்

1920-களில் அந்த நம்பிக்கை உடைந்தது. லண்டனில் பதிப்பாளராக இருந்த மைக்கேல் சாட்லியருக்குப் பழைய நாவல்களைத் தேடிச் சேர்ப்பதில் தீராத பித்து. அவரும், பேய், ரத்தக்காட்டேரி என்றே ஆராய்ந்துகொண்டிருந்த மாண்டேக் சம்மர்ஸும் அந்த ஏழுமே நிஜமாக அச்சான புத்தகங்கள் என்று காட்டினார்கள். ஆஸ்டின் கைக்குக் கிடைத்ததை அள்ளிப்போடவில்லை, அன்றைய திகில் கதைகளின் வகைகளுக்கெல்லாம் மாதிரி காட்டுவதுபோலப் பொறுக்கி எடுத்திருக்கிறார் என்று 1927-ல் வெளியான தன் சிறு நூலில் சாட்லியர் வாதாடினார். அவருடைய திகில் நாவல் சேகரிப்பு பின்னாளில் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், துப்பு கண்ணெதிரிலேயே இருந்தது. 1798 அக்டோபரில் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில், அப்பா 'நள்ளிரவு மணி' படித்துக்கொண்டிருக்கிறார், நூலகத்தில் எடுத்தது என்று ஆஸ்டினே சொல்கிறார். கடிதம் 1884-லேயே அச்சில் வந்துவிட்டது!

இந்த வகைக் கதைகளுக்கு 'கோதிக்' என்று பெயர். கோத் என்பது பழைய ஜெர்மானிய இனம். அந்தப் பெயர் பிறகு கூரிய வளைவுகள் கொண்ட இடைக்காலக் கட்டடங்களுக்கு ஒட்டிக்கொண்டது. 1764-ல் ஹோரஸ் வால்போல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை', இரண்டாம் பதிப்பில் தன்னைக் கோதிக் கதை என்று அழைத்துக்கொண்டது. பாழடைந்த கோட்டை, சுரங்கப்பாதை, பூட்டிய அறை, நடுராத்திரி முனகல். டிராகுலா வரைக்கும் வந்த சரக்கு இதுதான்.

புத்தகம் அப்போது காசுள்ளவர்களின் பண்டம். மற்றவர்களுக்கு வாடகை நூலகம். லண்டன் லெடன்ஹால் தெருவில் வில்லியம் லேன் என்பவர் நடத்திய மினர்வா பிரஸ், இந்தக் கதைகளை அச்சடித்து நூலகங்களுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஏழில் ஆறு அங்கே வந்தவை. விமர்சகர்கள் குப்பை என்றார்கள். வாசகர்கள் கை மாற்றிக் கை மாற்றிப் படித்துக் கிழித்தார்கள். பொத்திப் பாதுகாக்க வேண்டிய பொருளாக யாரும் நினைக்காததால்தான் அவை தொலைந்தன. ஜெர்மனியின் கோர்வே கோட்டையில், கதைப் பித்துக் கொண்ட ஒரு பிரபுக் குடும்பம் வாங்கிக் குவித்த நூலகம் தப்பியது. பிரிட்டிஷ் நூலகத்திலேயே இல்லாத ஆங்கில நாவல்கள் அங்கே கிடைத்தன.

எட்டுப் பிள்ளைகள், ஒரு பேனா

புத்தகம் கிடைத்ததும் அடுத்த கேள்வி, எழுதியது யார்? ஆராய்ச்சி சுவாரஸ்யமாவது இங்கேதான்.

'வுல்ஃபென்பாக் கோட்டை' (1793), 'மர்ம எச்சரிக்கைகள்' (1796) இரண்டும் எலிசா பார்சன்ஸ் எழுதியவை. திராட்சை மது வியாபாரியின் மகள். கணவருக்கு டர்பன்டைன் தொழில். அமெரிக்க சுதந்திரப் போரால் வியாபாரம் படுத்தது. லண்டன் பக்கம் வந்து மறுபடி தலைதூக்கியபோது, 1782-ல் கிடங்கு தீப்பிடித்து எல்லாம் சாம்பல். கணவரும் நோய்வாய்ப்பட்டு இறந்துபோக, எட்டுப் பிள்ளைகளோடு தனியாக நின்ற பார்சன்ஸ் எடுத்தது பேனாவை. சுமார் 60 தொகுதிகள் எழுதினார். கஷ்டப்படும் எழுத்தாளர்களுக்கு உதவ 1790-ல் லண்டனில் தொடங்கிய நிதி அமைப்புக்கு அவர் எழுதிய மனுக்கள் இன்றும் இருக்கின்றன. கால் எலும்பு முறிந்து, வலியோடு படுத்துக்கொண்டே எழுதியதை அவற்றில் சொல்கிறார்.

நடையில் பார்சன்ஸ் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டேன். நாயகி அடிக்கடி மயங்கி விழுவார். தேவையான ஆள் தேவையான நேரத்தில் வந்து நிற்பார். ஆனால், கதையைக் கவனியுங்கள். தப்பாக நடக்கப் பார்க்கும் மாமாவிடமிருந்து ஓடிவரும் மடில்டா ஒரு கோட்டையில் தங்குகிறாள். பேய் நடமாடுவதாக ஊர் சொல்லும் பகுதிக்குத் துணிந்து போகிறாள். அங்கே இருப்பது பேயல்ல. செத்துவிட்டதாகக் கணவனே ஊரை நம்பவைத்து, அடைத்துவைத்திருக்கும் மனைவி.

அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் கல்யாணமான பெண்ணுக்குத் தனியாகச் சொத்து கிடையாது. சம்பாதித்த காசும் கணவனுக்குத்தான். 1870-லும் 1882-லும் வந்த சட்டங்கள்தான் அதை மாற்றின. வீடே சிறையாகலாம் என்பது அந்த வாசகிகளுக்குக் கற்பனைப் பயமே அல்ல. அமெரிக்க ஆய்வாளர் எலன் மோயர்ஸ் 1976-ல் இதற்கு 'பெண் கோதிக்' என்று பெயர் வைத்தார். அதுவரை குப்பை எனப்பட்டவை பல்கலைக்கழகப் பாடத்துக்குள் நுழைய அந்தப் பெயர் பெரிய வாசலாக இருந்தது.

இந்தத் துறையில் நம்மவர் ஒருவரும் முன்வரிசையில் நிற்கிறார். பிகாரின் தர்பங்காவில் 1923-ல் பிறந்த தேவேந்திர வர்மா. கோதிக் நாவல்களின் வரலாற்றை 'கோதிக் சுடர்' என்ற புத்தகமாக 1957-ல் வெளியிட்டார். கனடாவில் பேராசிரியராக இருந்தபோது, ஆஸ்டினின் ஏழு நாவல்களையும் 1968-ல் ஒரே வரிசையாக மறுபதிப்புக் கொண்டுவந்தார். வாடகை நூலகங்களைப் பற்றியே தனிப் புத்தகமும் எழுதினார்.

'ரைன் நதியின் அநாதை' (1798) எழுதிய எலினார் ஸ்லீத் மட்டும் நெடுங்காலம் வெறும் பெயராகவே இருந்தார். கதையில் மடங்களும் கன்னியாஸ்திரிகளும் வருவதால் கத்தோலிக்கராக இருக்கலாம் என்ற ஊகம்தான் மிச்சம். ஞானஸ்நானப் பதிவுகளையும் பழைய ஆவணங்களையும் துருவிய இரண்டு ஆய்வாளர்கள் 2011-ல் அவரைக் கண்டுபிடித்தார்கள். 1770-ல் பிறந்தவர். ராணுவ மருத்துவரைக் கல்யாணம் செய்து இரண்டே வருடத்தில் விதவை. கைக்குழந்தையும் இறந்தது. கணவர் விட்டுப்போனது கடன். பின்னாளில், மனைவி உள்ள ஒரு பாதிரியாரோடு சேர்த்து ஊர் பேசியது. அந்த ஜான் டட்லியையே, அவர் மனைவி இறந்த பிறகு 1823-ல் மணந்தார்.

பணக் கணக்கையும் பாருங்கள். 'உடால்ஃபோ' எழுதிய ஆன் ராட்கிளிஃபுக்குக் கிடைத்தது 500 பவுண்டு. 'நார்த்தாங்கர் அபி'யை 1803-ல் ஒரு பதிப்பாளருக்கு ஆஸ்டின் விற்ற விலை 10 பவுண்டு! அவரோ அச்சிடாமலே போட்டுவைத்தார். 1816-ல் அதே 10 பவுண்டைக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. இத்தனை வருடத்தில் புத்தகங்களும் ரசனையும் மாறிவிட்டன என்று முன்னுரையில் ஆஸ்டினே வருத்தப்பட்டிருக்கிறார். 1817 டிசம்பரில் நாவல் வெளிவந்தபோது அவர் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

ஏழு நாவல்களுக்கும் இப்போது புதிய பதிப்புகள் உண்டு. 'வுல்ஃபென்பாக் கோட்டை'யை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். மடில்டா கோட்டைக்குள் நுழையும் முதல் அத்தியாயங்களை மட்டும் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.