திணைவழி நின்று ஓமரை அளத்தல்

மறப்பாட்டு என்பது, உயிரை விலையாகக் கொடுத்துப் புகழைப் பெறத் துணிந்த மாந்தரைப் பொருளாகக் கொண்டு, ஏட்டில் ஏறுமுன் பாணர் நாவில் வளர்ந்த பாட்டு. சாவு ஒழியாதது, புகழ் ஒன்றே பின்நிற்பது என்னும் இரு கோட்பாடுகளின்மேல் அதன் அறம் முழுதும் எழுகிறது. கிரேக்க நாட்டில் இம்மரபின் முதிர்ந்த விளைவாக நமக்குக் கிடைத்திருப்பவை, ஓமர் பெயரால் வழங்கும் இலியட், ஒடிசி என்னும் இரு பெருங்கதைப்பாக்கள். இலியட் மட்டுமே 24 பகுதிகளில் 15,600 அடிகளுக்கு மேற்பட்டது. தமிழில் அம்மரபு புறநானூறாகவும் பதிற்றுப்பத்தாகவும் நிற்கிறது. பாட்டு இருவர்க்கும் உண்டு. ஆனால் மறச்செயல்களைத் திணையென்றும் துறையென்றும் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு வரையறுத்த இலக்கணம் தமிழர்க்கு வாய்த்தது. அரிசுடாட்டில் கதைக்கோப்பின் இயல்பை ஆழ்ந்து ஆராய்ந்தார். களத்தில் மறவன் செய்வனவற்றை வகைப்படுத்த அவர் முற்படவில்லை. தொல்காப்பியப் புறத்திணையியல் செய்தது அப்பணி. அந்த அளவுகோலால் ஓமரை அளக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

வெட்சியாவது பகைவர் ஆநிரையைக் கவர்தல். இலியட்டின் பதினொன்றாம் பகுதியில் முதியவன் நெசுதர், தன் இளமையில் எலிசு நாட்டு மந்தைகளைக் கவர்ந்துவந்ததைப் பெருமிதத்தோடு எடுத்துரைக்கிறான்; அது வெட்சி. கிரேக்கர் திராய் நகரை முற்றியிருத்தல் உழிஞை. உள்ளிருந்து திராய் இளவரசன் எக்தர் காத்தல் நொச்சி. தும்பைத் துறைகளுள் நூழில் என்பது, தனி மறவன் ஒருவன்முன் பெரும்படை சிதற அவன் கொன்று குவிக்கும் நிலை. ஐந்தாம் பகுதியில் கிரேக்க மறவன் தியோமீது நிகழ்த்துவது முழுக்க முழுக்க நூழிலே. எருமை என்னும் துறை, தன் படை உடைந்தோடுகையில் பின்னணியில் நின்று பகையைத் தாங்குவது. பதினைந்தாம் பகுதியில் நாவாய்களின்மேல் நின்றுகொண்டு பெரிய அயாக்சு செய்வது அதுதான். எக்தரின் தலையும் படைக்கலமும் கொணராமல் மடிந்த தோழனுக்கு ஈமக்கடன் ஆற்றேன் என்று கிரேக்கரின் தலைமறவன் அக்கிலீசு சூளுரைப்பது வஞ்சினக் காஞ்சி. எக்தரின் உடல்மீது அவன் மனைவி அந்துரோமக்கி அழுவது கையறுநிலை. புண்பட்டால் மார்பிலன்றி முதுகில் படாது என்று ஒரு கிரேக்கத் தலைவன் மற்றொருவனைப் பாராட்டும் இடமும் உண்டு. வெண்ணிப் போரில் பட்ட புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனை அறிந்தவர்க்கு அப்பாராட்டின் எடை விளங்கும். இவ்வளவுகோலுக்குள் அடங்காததும் ஒன்றுண்டு. கிரேக்கக் களத்தில் கடவுளர் இறங்கிப் போரிடுகின்றனர், தியோமீதின் வேலால் புண்படவும் செய்கின்றனர். புறப்பாடல்களில் களம் மாந்தருடையது. வெற்றியும் தோல்வியும் அவர்தம் தோளுக்கே உரியவை. தமிழ் மறப்பாட்டின் தலையாய பெருமையாக நான் கருதுவது இதனையே.

இருமொழி மறப்பாட்டின் ஒப்புமையை முறைப்பட ஆய்ந்தவர் ஈழத்து அறிஞர் க. கைலாசபதி. பர்மிங்காமில் கிரேக்கப் பேராசிரியர் சார்ச்சு தாம்சனிடம் பயின்ற அவர், 1968-இல் ஆக்சுபோர்டு வெளியீடாக வந்த தம் நூலில், ஓமர் பாடல்களுக்கு மில்மன் பாரி வகுத்த வாய்பாட்டுக் கொள்கையைச் சங்கச் சான்றோர் செய்யுளுக்குப் பொருத்திக் காட்டினார். வாய்பாடு என்பது, ஒரே யாப்பிடத்தில் ஒரே கருத்தை உரைக்க மீள மீள வரும் தொடர். ஏடின்றிப் பாடுவோர்க்கு அதுவே ஊன்றுகோல்.

திணைகளை அவை வாழ்ந்த மண்ணில் காண விழைவோர்க்கு ஏற்காடு நல்ல நிலைக்களம். அதனைத் தாங்கும் சேர்வராயன் மலைத்தொடருக்கு வடக்கே அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர், இன்றைய தருமபுரி. தென்கிழக்கே வல்வில் ஓரியின் கொல்லிமலை. ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்தவன் மலையமான் திருமுடிக்காரி. காரியின் கோவலூரை எறிந்தவன் அஞ்சி. அஞ்சியின் தகடூரை எறிந்தவன் பெருஞ்சேரல் இரும்பொறை. தகடூர்ப் போரைப் பொருளாகக் கொண்ட தகடூர் யாத்திரை முழுமையாகக் கிட்டவில்லை; புறத்திரட்டிலும் உரைமேற்கோள்களிலும் சில பாடல்களே எஞ்சியுள்ளன. ஓர் அரண், ஒரு முற்றுகை, ஒரு வீழ்ச்சி என விரிந்த அந்நூல் இருந்திருப்பின், இலியட்டுக்கு இணைவைத்து ஆராயத்தக்க முழுக்கதை நம்மிடமும் இருந்திருக்கும். அவ்விழப்பு ஆறாத புண். அஞ்சியோ புனைவு மாந்தன் அல்லன்: திருக்கோவலூர் அருகே சம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு, அவன் அளித்த உறைவிடத்தை அவன் பெயரோடு குறிக்கிறது.

அவ்வஞ்சியும் எக்தரும் தத்தம் மகனைக் காணும் காட்சிகள் இரண்டு உள. ஆறாம் பகுதியில், தந்தையின் தலைக்கவசத்தைக் கண்டு குழந்தை வெருண்டு அலற, எக்தர் அதனைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு மகனை முத்தமிடுகிறான். பின்னர் அம்மகன் குருதி தோய்ந்த படைக்கலங்களோடு மீளும் மறவனாகவேண்டுமென வேண்டுகிறான். புதல்வன் பிறந்தபோது காணவந்த அஞ்சியை ஔவையார் பாடும் புறப்பாட்டிலோ, கையில் வேல் இருக்கிறது, கழுத்தில் புண் உலரவில்லை, பகைவரை நோக்கிச் சிவந்த கண் மகனை நோக்கியபோதும் சிவப்பு நீங்கவில்லை. எக்தரின் மறம் மனைவாயிலில் கழற்றி வைக்கத்தக்கது, மீண்டும் அணியத்தக்கது. அஞ்சியின் மறம் உடலோடு ஒன்றியது. முன்னது நெஞ்சை உருக்கும். பின்னது மறத்தின் இயல்பை ஒளிக்காமல் உரைக்கும்.

மறவன் மாய்ந்தபின் எழும் குறியிலும் வேறுபாடு உண்டு. தன்னோடு பொருது மடிபவனுக்குக் கடற்கரையில் மேடு எழும்பும், அதனைக் காணும் கலவர் தன் புகழைப் பேசுவர் என்கிறான் எக்தர்; கொல்லப்பட்டவனின் மேடு கொன்றவனைப் புகழ்கிறது. தொல்காப்பியர் கல் காண்பது முதல் அதனை வாழ்த்துவது ஈறாக நிலைநிலையாக வகுத்த நடுகல்லோ வீழ்ந்தவனுக்கே உரியது. தருமபுரி, செங்கம் வட்டாரக் கற்களில் பெயரும் செயலும் பெறுபவன், நிரைமீட்டு மடிந்த ஊர்மறவன்.

மறவனின் மதிப்பை எதனால் அளப்பது என்னும் இடத்தில் இரு மரபும் முற்றிலும் பிரிகின்றன. கிரேக்கத் தலைவனின் மதிப்பு, கொள்ளையில் அவனுக்குக் கிடைக்கும் பங்கில் தெரிகிறது. பங்காகப் பெற்ற பிரிசேயி என்னும் பெண்ணைப் படைத்தலைவன் அகமம்னன் பறித்ததால் மூண்ட அக்கிலீசின் சினமே இலியட்டை இயக்குகிறது. தமிழ்த் தலைவனின் மதிப்பு அவன் கொடுப்பதில் தெரிகிறது. அஞ்சியும் ஓரியும், ஓரியைக் கொன்ற காரியும், சிறுபாணாற்றுப்படை போற்றும் வள்ளல் எழுவருள் ஒருங்கே நிற்கின்றனர். புகழற்ற நெடுவாழ்வு, புகழுடைய குறுவாழ்வு என்னும் இரண்டும் அக்கிலீசின் முன் வைக்கப்பட்டன. அவன் தனக்காகப் புகழைத் தேர்ந்தான். அஞ்சியோ நெடுவாழ்வு தரும் நெல்லிக்கனியைத் தானுண்ணாது பாடுநர்க்கு ஈந்தான். எனினும் இலியட்டின் இறுதிப் பகுதியில் இவ்வெல்லை நெகிழ்கிறது. மகன் எக்தரின் உடலை வேண்டி வந்த திராய் முதுவேந்தன் பிரயாம், ஒன்பது நாள் அழவும், பத்தாம் நாள் ஈமக்கடன் ஆற்றவும், பதினொன்றாம் நாள் மேடு எழுப்பவும் இடைவெளி கேட்கிறான். அக்கிலீசு அத்தனை நாளும் தன் படையைத் தடுத்து நிறுத்த இசைகிறான். உடலுக்கு ஈடாக அவன் பொருள் பெற்றான். அந்நாள்களுக்கு ஈடாக ஒன்றும் பெறவில்லை. அவற்றைத் தலைவரைப் புகழும் பாடாண் திணையில், கொடைப் பகுதியில் வைத்தே நான் எண்ணுவேன்.