பழைய மோட்டார் சைக்கிளின் பிரேக் தளர்ந்தால்

1955ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும், சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி, என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தோற்றுவித்தன. அதன் பின்னர் சென்னையில் உருவான புல்லட் வண்டிகளுள் பல, தலைமுறை கடந்தும் நமது கிராமங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை உரமூட்டையையும் பால் கேனையும் சுமக்கின்றன. பிள்ளைகளைப் பள்ளிக்கும் கொண்டு செல்கின்றன. எஞ்சின் முழக்கம் கணீரென்று இருப்பதைக் கேட்டு, வண்டி முழுவதும் நலமாக இருப்பதாக நாம் நம்பிவிடுகிறோம். ஓடும் வலிமை குன்றாத வண்டியிலும் நிற்கும் வலிமை குன்றியிருக்கக்கூடும்.

வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. ஆகவே, மெதுவாகச் செல்லும்போது போதுமானதாகத் தோன்றும் பிரேக், நெடுஞ்சாலையில் உயிரைக் காக்கும் என்பது உறுதியன்று.

பிரேக் வேலை செய்யும் விதம்

பழைய புல்லட்டில் சக்கரத்தின் நடுவே டிரம் என்னும் இரும்பு வளையம் உள்ளது. அதனுள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் லைனிங் ஒட்டப்பட்டிருக்கும். கைப்பிடியை அழுத்தினால் கேபிளும், பெடலை மிதித்தால் கம்பியும் வெளியேயுள்ள நெம்புகோலை இழுக்கும். அப்போது கேம் திரும்பி ஷூக்களை விரிக்கும். லைனிங் டிரம்மில் உராய்வதால் வண்டி நிற்கும்.

காரணத்தைக் காணும் முறை

பிரேக் தளர்ந்ததும் நட்டை முடுக்கிவிட்டுப் புறப்படுவது பலரது வழக்கம். இதனால் குறை மறையுமேயன்றித் தீராது. கீழ்க்கண்ட வரிசையில் சோதித்தல் நலம்.

1. கேபிள்: இழைகள் அறுந்தோ துருப்பிடித்தோ இருந்தால் உடனே மாற்ற வேண்டும். உறை நசுங்கியிருந்தால், கையின் பலம் ஷூவைச் சென்றடையாமல் வழியிலேயே வீணாகும்.

2. நெம்புகோல்: பிரேக்கை அழுத்திய நிலையில், கேபிளும் நெம்புகோலும் ஏறக்குறைய செங்கோணத்தில் அமைய வேண்டும். நெம்புகோல் அதனைக் கடந்து வெகுதூரம் சாய்ந்தால், லைனிங் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். நெம்புகோலைக் கழற்றி வேறு பல்லில் மாட்டிச் சமாளிப்பது அபாயகரமானது. தேய்ந்த ஷூவுடன் கேம் அளவுக்கு மீறித் திரும்பினால், அது சிக்கிக்கொண்டு சக்கரத்தைப் பிடித்துவிடலாம்.

3. லைனிங்: ஆணியடித்த லைனிங்காயின், ஆணித்தலை டிரம்மைத் தொடும் வரை காத்திருக்கலாகாது. கண்ணாடிபோல் மின்னினால் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துப் பயன்படுத்தலாம். ஆனால், பேரிங்கிலிருந்து கசிந்த கிரீஸில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியோ நெருப்பில் வாட்டியோ பயனில்லை. கசிவை நிறுத்திவிட்டுப் புதிய ஷூ போடுவதே வழி.

4. டிரம்: பிரேக் பிடிக்கும்போது கைப்பிடி விட்டுவிட்டு அதிர்ந்தால், டிரம் வட்டம் பிசகியிருக்கலாம். கடைசல் பட்டறையில் சிறிதளவு கடைந்து சரிசெய்யலாம். மிகுதியாகக் கடைந்தால் டிரம் மெலிந்துவிடும்.

5. ஷூவின் அமைப்பு: புதிய ஷூ போட்டும் முன் பிரேக் பிடிக்காவிடில், அது டிரம்மின் நடுவில் அமையவில்லை எனலாம். அச்சு நட்டைச் சற்றுத் தளர்த்தி, ஒருவர் கைப்பிடியை இறுகப் பிடித்திருக்க, மற்றொருவர் நட்டை மீண்டும் நன்கு முடுக்க வேண்டும். செலவில்லாத இம்முறை பல வண்டிகளில் நல்ல பலன் தரும்.

ஓர் எச்சரிக்கை

பழைய லைனிங்கில் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கொடிய தீங்கு விளைவிக்கும். டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதுவதும், காற்றடிப்பதும், உலர்ந்த துணியால் தட்டுவதும் கூடா. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். பழைய லைனிங்கைத் தேய்ப்பதாயின் நனைத்துத் தேய்க்க வேண்டும்.

ஓட்டுவோர் கடமை

முன் பிரேக் வண்டியைக் கவிழ்த்துவிடும் என்று அஞ்சிப் பலர் பின் பிரேக்கையே நம்புகின்றனர். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்தின் மேல் சாய்வதால், கூடுதலாக நிறுத்த வல்லது முன் பிரேக்கே. உலர்ந்த நேர்ச்சாலையில் இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்திப் பழக வேண்டும். மணலிலும் சேற்றிலும் முன் பிரேக்கை மென்மையாகக் கையாள வேண்டும். ஓடை நீரைக் கடந்த பின், மெதுவாகச் செல்கையில் பிரேக்கை இலேசாக அழுத்தி டிரம்மை உலர்த்திக்கொள்வது நல்லது.

பழுது பார்த்த பின், ஆளில்லாத சமதரையில் குறைந்த வேகத்தில் சோதித்த பிறகே பாரம் ஏற்ற வேண்டும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் மழைக்காலத்துக்கு முன் ஒரு நாளைக் குறித்து, உள்ளூர் மெக்கானிக்கைக் கொண்டு ஊரிலுள்ள பழைய வண்டிகளைச் சோதிக்க ஏற்பாடு செய்யலாம். ஒரு ஜோடி ஷூவின் விலையை எண்ணித் தயங்குவோர், அவ்வண்டியின் பின்னிருக்கையில் அமரும் குழந்தையை ஒருகணம் எண்ணிப் பார்ப்பார்களாக.