பள்ளியில் பிள்ளை, வீட்டில் பூனை

வட கலிஃபோர்னியாவில், சியரா நெவாடா மலையடிவாரத்தில், பைன் மரங்களுக்கு நடுவே அமைந்த சிற்றூர் பாரடைஸ். 2018 நவம்பர் 8, வியாழக்கிழமை காலை ஆறரை மணிவாக்கில், ஊருக்குக் கிழக்கே ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உயரழுத்த மின்கோபுரம் ஒன்றின் பழைய கொக்கி தேய்ந்து முறிந்தது. கம்பியிலிருந்து தெறித்த பொறி காய்ந்த புல்லில் விழுந்தது. மலைக்காற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்தில், எட்டு மணிக்கெல்லாம் ஊரின் கிழக்கு ஓரம் எரியத் தொடங்கியிருந்தது. 'கேம்ப் தீ' என்று பெயர் பெற்ற இந்தக் காட்டுத்தீயில் 85 பேர் மாண்டார்கள். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின.

தீ வந்த நேரம்தான் பல குடும்பங்களைச் சிதறடித்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள், அல்லது போகும் வழியில் இருந்தார்கள். பெற்றோர் பலர் வேலைக்குக் கிளம்பியிருந்தார்கள். நாயும் பூனையும் பூட்டிய வீட்டுக்குள். போண்டரோசா தொடக்கப்பள்ளியிலிருந்து 22 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியர்களையும் ஏற்றிக்கொண்ட பேருந்து, புகைக்கும் நெரிசலுக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஊர்ந்து வெளியேறியது. உள்ளே இருந்த குழந்தைகளின் உயிர் தப்பியதே பெரிது. எந்த வீட்டு வாசலிலும் அந்தப் பேருந்து நின்றிருக்க முடியாது. ஊரிலிருந்து தெற்கே இறங்க நான்கே சாலைகள். அவற்றில் வண்டிகள் நின்ற இடத்திலேயே தீப்பற்றின.

வீட்டில் இருந்தவர்களுக்கும் எளிதாக இல்லை. புகை வாடையும் வீட்டாரின் பதற்றமும் பட்டதும் பூனை கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குப் பின்னாலோ போய் ஒடுங்கிவிடும். கூண்டைக் கண்டாலே மருத்துவரிடம் ஊசிக்குப் போன நினைவு வந்து ஓட்டம் பிடிக்கும் பூனைகள் உண்டு. அதை வெளியே இழுக்கப் பத்து நிமிடம் ஆகலாம். அன்று பாரடைஸில் பல தெருக்களுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை. கதவைத் திறந்து விட்டு, "எப்படியாவது பிழைத்துக்கொள்" என்று விடுவதுதான் பலருக்கு மிஞ்சியது. அதுவும் தவறான முடிவல்ல. பூட்டிய வீட்டில் சிக்கிய பிராணியைவிட, திறந்த வெளியில் ஓடியதற்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல்.

இதுவரை தீயின் வேலை. அதற்குப் பின் வந்த பிரிவு வேறு வகை. கம்பிகள் அறுந்து தொங்கின, எரிந்த மரங்கள் சாய்ந்துகொண்டிருந்தன, இறந்தவர்களின் எச்சங்களைத் தேடும் பணி வாரக்கணக்கில் நடந்தது. எனவே சாலைகளில் தடுப்பு போட்டு, ஊர்மக்கள் யாரையும் உள்ளே விடவில்லை. டிசம்பர் தொடக்கத்தில்தான் பகுதி பகுதியாகத் திறந்தார்கள். காரணங்கள் நியாயமானவை. ஆனால் அந்த நாள்களில் எரிந்த மனைகளுக்கு நடுவே விலங்குகள் உயிரோடு திரிந்தன. அவற்றைத் தேடும் குழந்தைகள் சில மைல் தள்ளி, சீக்கோ நகரின் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தார்கள்.

மேடிசன் என்ற காவல்நாயின் கதை அப்போதுதான் உலகம் முழுக்கப் பரவியது. தீ பிடித்தபோது அதன் வீட்டார் வெளியே இருந்தார்கள். திரும்பிப் போக வழியில்லை. வீடு தரைமட்டமானது. தன்னார்வலர் ஒருவர் அவ்வப்போது போய் அந்த மனையில் தண்ணீரும் தீனியும் வைத்துவிட்டு வந்தார். நாய் நெருங்கவிடவில்லை, இடத்தை விட்டும் போகவில்லை. தடுப்பு விலகிய அன்று வீட்டுக்காரர் வந்து பார்த்தபோது அது அங்கேயே இருந்தது. அதே வீட்டின் இன்னொரு நாயான மிகேலோ 85 மைல் தெற்கே, சிட்ரஸ் ஹைட்ஸ் நகரில் கண்டெடுக்கப்பட்டது. மீட்டவர்கள் இடமிருந்த காப்பகத்துக்கெல்லாம் பிராணிகளை அனுப்பினார்கள். ஆகவே தேடுகிற குடும்பம் பக்கத்து ஊரை மட்டும் பார்த்தால் போதாது.

பூனையின் போக்கு வேறு. அது பெரும்பாலும் தன் வட்டாரத்தை விட்டுப் போவதில்லை. மழைநீர்க் குழாய்களிலும் கட்டட அடித்தளத்தின் இடுக்குகளிலும் ஒளிந்திருந்து, இரவில் மட்டும் வெளியே வரும். சூடான சாம்பலில் நடந்ததால் உள்ளங்கால் வெந்திருக்கும். மீசை கருகிச் சுருண்டிருக்கும். காது நுனி எரிந்திருக்கும். டேவிஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு வந்த பல பூனைகள் இந்த நிலையில்தான் இருந்தன. தோலில் தெரியும் காயத்தோடு விஷயம் முடியவில்லை என்பதையும் அங்கேதான் கண்டுபிடித்தார்கள். 2017, 2018 ஆண்டுகளின் காட்டுத்தீகளில் சிக்கிய 51 பூனைகளின் இதயத்தை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் பாதிப்பு தெரிந்தது. சிலவற்றில் இதயத்தசை தடித்திருந்தது, சிலவற்றில் ரத்தம் கட்டியிருந்தது. கால் புண் ஆறுகிறதே என்று நினைத்த பூனை திடீரென இறப்பதற்கு இது ஒரு காரணம்.

காயங்களுக்கு அங்கே திலாப்பியா மீனின் தோலையும் கட்டுப்போடப் பயன்படுத்தினார்கள். பிரேசிலில் தீக்காயம் பட்ட மனிதர்களுக்குச் செய்து பார்த்த முறை அது. 2017 டிசம்பரில் தாமஸ் தீயில் பாதம் வெந்த கரடிகளுக்கு அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவர் ஜேமி பெய்டன் செய்து காட்டினார். கிருமி நீக்கிய மீன்தோலில் கொலாஜன் மிகுதி. ஈரத்தைக் காத்து வலியைத் தணிக்கும். தினம் தினம் கட்டு மாற்ற வேண்டியதில்லை. வலியில் கடிக்க வரும் பிராணிக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை விளக்க வேண்டாம்.

பிழைத்த விலங்கு இன்னாருடையது என்று எப்படித் தெரியும்? கழுத்துப்பட்டை கழன்று போயிருக்கும். ரோமம் கருகிய பின் வெள்ளைப் பூனையும் சாம்பல் பூனையும் ஒன்றுபோலத் தெரியும். தன்னார்வலர்கள் படம் எடுத்து இணையத்தில் ஏற்றியபோது, ஒரே பூனைக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் உரிமை கோரும் நிலை வருவது இயல்பு. இங்கே கைகொடுப்பது தோலுக்கடியில் செலுத்தும் மைக்ரோசிப். அரிசிமணி அளவே இருக்கும்; உள்ளே பேட்டரி கிடையாது. கருவியைக் காட்டினால் 15 இலக்க எண்ணை மட்டும் சொல்லும், இருப்பிடத்தைக் காட்டாது. அமெரிக்காவின் 53 காப்பகங்களில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், தெருவிலிருந்து வந்த பூனைகளில் உரிமையாளரிடம் திரும்பியவை 1.8 சதவீதம், சிப் இருந்தவற்றில் 38.5 சதவீதம். நாய்களில் இந்தக் கணக்கு 21.9, 52.2. சிப் இருந்தும் வீடு சேராததற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று, பதிவில் இருந்த தொலைபேசி எண் பழையது என்பதுதான். எண்ணை மாற்றியதும் பதிவையும் மாற்ற ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாததால் வருடக்கணக்காகப் பிள்ளையும் பிராணியும் பிரிந்திருப்பது மனதை அறுக்கிறது.

குழந்தையின் பக்கம் வருவோம். வளர்த்த நாய் இறந்தால் குழந்தை அழும், புதைக்கும் இடத்தில் பூ வைக்கும், மெல்லத் தேறும். காணாமல் போனால் இந்த ஒழுங்கு நடக்காது. இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத இத்தகைய இழப்பைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் பல்லாண்டு ஆராய்ந்தார். போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களிலிருந்து அவருடைய ஆய்வு தொடங்கியது. முடிவு தெரியாத துக்கம் முடிவதில்லை என்பது அவர் கண்டது. பெரியவர்கள் வீடு, காப்பீடு, வேலை என்று ஓடும்போது "பூனைதானே" என்ற சொல் எளிதில் வந்துவிடும். பள்ளி எரிந்து, தோழர்கள் சிதறி, தன் படுக்கையும் போன குழந்தைக்கு, பழைய வாழ்க்கையில் மிஞ்சியிருக்கக்கூடிய ஒரே உயிர் அந்தப் பூனைதான். பண்ணைக்குப் போயிருக்கிறது என்று பொய் சொல்லித் தேற்றுவதைவிட, தேடுதலில் குழந்தையையும் சேர்ப்பது நல்லது. அடையாளம் எழுத, படம் தேர்ந்தெடுக்க, காப்பகப் பட்டியலைப் பார்க்க குழந்தையாலும் முடியும். எந்தக் காதில் மடிப்பு, வாலின் நுனி என்ன நிறம் என்பதும் பல வீடுகளில் குழந்தைக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பிள்ளையும் பிராணியும் இப்படிப் பிரிவதைச் சட்டம் கவனித்தது தீயினால் அல்ல, வெள்ளத்தினால். 2005இல் கத்ரினா புயலின்போது, நியூ ஆர்லியன்ஸ் நகரில் பேருந்தில் ஏறப்போன சிறுவனின் கையிலிருந்து ஸ்னோபால் என்ற நாயைக் காவலர் ஒருவர் வாங்கிக்கொண்டார். நாயின் பெயரைச் சொல்லிக் கதறிய சிறுவன் வாந்தியெடுக்கும்வரை அழுததாக அசோசியேட்டட் பிரஸ் செய்தி வந்தது. நாடே கொதித்தது. பிராணியை விட மனமில்லாமல் வெளியேற மறுத்தவர்களும், அதை மீட்கத் தடையை மீறி உள்ளே போகிறவர்களும் தங்கள் உயிரையும் பணயம் வைக்கிறார்கள் என்பது, 1997இல் கலிஃபோர்னியாவின் யூபா மாவட்ட வெள்ளத்தைப் பற்றிய ஆய்விலேயே தெரிந்திருந்தது. 2006 அக்டோபரில் அமெரிக்கா சட்டம் இயற்றியது: மத்திய அரசின் பேரிடர் நிதி வேண்டுமென்றால், மாநிலங்களின் வெளியேற்றத் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் இடம் இருக்க வேண்டும். பாரடைஸ் எரிந்தபோது சீக்கோ விமான நிலையப் பகுதியில் விலங்குகளுக்கென்றே காப்பகம் திறக்க முடிந்ததற்கு இந்த மாற்றமும் பின்னணி.

ஆனாலும் மத்தியப் பேரிடர் மேலாண்மை முகமையின் விளக்கத்தில் வளர்ப்புப் பிராணி என்றால் நாய், பூனை, பறவை, முயல், எலி வகைகள், ஆமை ஆகியவைதான். குதிரையும் பண்ணை விலங்குகளும் சேரா. பாரடைஸ் உள்ள பியூட் மாவட்டமோ நாட்டுப்புறம். இத்தகைய ஊர்களில் பிள்ளைகள் ஆட்டுக்குட்டியையும் கன்றையும் தாங்களே வளர்த்து மாவட்டச் சந்தைக்குக் கொண்டுபோவது வழக்கம். அவற்றுக்குக் கிரிட்லியில் உள்ள மாவட்டச் சந்தைத் திடலில் இடம் ஒதுக்கினார்கள். ஆடு, குதிரை, பன்றி என்று வந்தவற்றுக்கு வைக்கோலும் தண்ணீரும் காட்டி, உரியவர் வரும்வரை பார்த்துக்கொண்டதில் உள்ளூர்த் தன்னார்வலர்களின் பங்கே பெரியது.