பார்வையைக் காக்கும் ஒரு துளி

வலி தரும் நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்ள எவரும் மறப்பதில்லை, வலியே நினைவூட்டிவிடும். கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் அத்தகையதன்று. பெரும்பாலோருக்கு அது வலியின்றி வந்து, பார்வையின் ஓரங்களை மெல்ல மெல்லக் குறைத்துவிடுகிறது. பார்வை நரம்பில் ஏற்பட்ட சேதத்தை எந்தச் சொட்டு மருந்தாலும் சீராக்க இயலாது. கண்ணின் அழுத்தத்தைக் குறைத்து, எஞ்சிய பார்வையைக் காப்பதே அதன் பணி.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குப் பழக்கமான ஒரு சிக்கலை இதில் காண்கிறேன். செலவும் சிரமமும் இன்று. பயனோ பல ஆண்டுகளுக்குப் பிறகு, அதுவும் 'எதுவும் நேரவில்லை' என்ற வடிவில். அத்தகைய பயனைக் குறைத்து மதிப்பிடுவது மனித இயல்பு. 'பார்வை தெளிவடையவில்லையே' என்று சிலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். பரிசோதனைக்கு முந்தைய சில நாள்கள் மட்டும் தவறாமல் இடுவோரும் உண்டு. அப்போது அழுத்தம் கட்டுக்குள் இருப்பதுபோலத் தோன்றும். மருத்துவரின் முடிவும் பிழைபடும்.

அடுத்தது அளவு. கண்ணில் ஒரு துளிக்கு மேல் தங்காது; மிகுதி கன்னத்தில் வழியும். 2.5 மி.லி. குப்பியில், துளி ஒன்று 30 மைக்ரோலிட்டர் எனக் கொண்டால், சுமார் 80 துளிகள் இருக்கும். இரு கண்களுக்கும் இரவில் ஒவ்வொரு துளி எனில் 40 நாள்களுக்கு வரும். இரண்டிரண்டாக இட்டால் 20 நாள்களில் தீர்ந்துவிடும். பயன் கூடாது, செலவே கூடும்.

கைகளைக் கழுவி, கீழிமையை இழுத்து, குப்பியின் நுனி கண்ணில் படாமல் இட வேண்டும். பிறகு கண்ணை மூடி, மூக்கையொட்டிய கண்ணோரத்தை இரண்டு நிமிடம் மெல்ல அழுத்துவது அவசியம். இல்லையெனில் மருந்து மூக்கின் வழியே இரத்தத்தில் கலக்கும். டிமோலால் அவ்வாறு கலந்தால் ஆஸ்துமா நோயாளிக்கு மூச்சுத்திணறலையும், சிலருக்கு இதயத் துடிப்புக் குறைவையும் உண்டாக்கக்கூடும். எனவே, பிற நோய்களையும் உட்கொள்ளும் மருந்துகளையும் கண் மருத்துவரிடம் மறைக்கலாகாது. இரண்டு மருந்துகள் இருப்பின் இடையே ஐந்து நிமிடமேனும் இடைவெளி தேவை. குப்பியைத் திறந்த தேதியை அதன்மீதே எழுதி வையுங்கள். பல மருந்துகளை நான்கு வாரங்களிலும், லாட்டனோபிராஸ்ட்டை ஆறு வாரங்களிலும் மாற்ற வேண்டும்.

கண் சிவந்தால் மருந்துக் கடையில் தாமாகவே ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கும் வழக்கம் ஆபத்தானது. அதுவே கண் அழுத்தத்தை உயர்த்தக்கூடும்.

பார்வை மங்கியவர்கள் படிக்க வேண்டிய குறிப்பு, குப்பியின்மீது பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் தருவதும், மருந்திடும் முறையைச் செய்து காட்டுவதும் மருத்துவமனைகளுக்குப் பெருஞ்செலவன்று. கை நடுங்கும் முதியவருக்கு இரவில் ஒரு துளி இட்டுவிட வீட்டில் ஒருவர் முன்வருவதும் அப்படியே. இழந்த பார்வைக்கோ எந்த விலை கொடுத்தாலும் மீட்சி இல்லை.